பை சுனில் அய்யேயிடம், ஏணி என்னிடம்

வயரில்லாத கமரா என்று பெயர். அதைப் பூட்டி முடிக்கிறதுக்கு ஆறு வயர் வேண்டும்.

இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. சொந்த வீட்டு ரி.வி.க்குப் பின்னால் தலையை விட்டு, மஞ்சள் வயரை எந்த ஓட்டைக்குள் செருகுவது என்று தெரியாமல் முழங்காலில் நின்று வேர்த்தவர்களுக்கும் சொல்லத் தேவையில்லை. நீங்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்தான். மற்றவர்களுக்காக ஒருக்கால் சொல்லிவிடுகிறேன். கமரா தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. தலையில் ஒரு குட்டி அன்ரெனா. அதை வாசல் நிலைக்கு மேலே பூட்டினால் அது படத்தைக் காற்றில் அனுப்பும். வீட்டுக்குள்ளே ரிசீவர் என்று ஒரு பெட்டி அதைப் பிடித்து ரி.வி.க்குக் கொடுக்கும். கமராவுக்கு ஒரு அடப்டர், ரிசீவருக்கு ஒரு அடப்டர், கரண்ட் போனால் கமராவுக்கு ஒரு சதுர பற்றரி. அவ்வளவுதான். பிறகு யாராவது கதவைத் தட்டினால் நீங்கள் எழும்பிப் போகத் தேவையில்லை. கதிரையில் இருந்தபடியே ரி.வி.யில் பார்க்கலாம்.

யுத்தத்தின் கடைசி வருசங்கள் அவை. தலைநகரில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கதவு தட்டுப்பட்டால், ஆமியோ பொலிசோ என்று தமிழ் வீடுகளில் சோறு தொண்டையில் நிற்கும். வெளிநாட்டில் இருந்த பிள்ளைகளுக்கு அது தெரியும். "கமரா ஒண்டு பூட்டுங்கோ அம்மா" என்று ரெலிபோனில் நச்சரிப்பார்கள். அம்மாமார் எங்கள் கடைக்கு வருவார்கள்.

எல்லாம் சரி, ஒரு கரைச்சல். நாங்கள் வேலைக்குக் கொண்டு திரிந்த பைக்குள் இருந்தது என்ன? வயர், பற்றரி, அன்ரெனா வைத்த சின்னப் பெட்டிகள். செக் பொயின்ற்றில் நிற்கிற ஆமிக்காரன் வேறு எதைத் தேடுகிறான், சொல்லுங்கோ பாப்பம்! யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் என்று அடையாள அட்டையில் எழுதியிருக்கிற ஒருத்தன் இப்படி ஒரு பையோடு பிடிபட்டால் கொண்டு போவார்கள். போனவன் எப்ப வருவான், வருவானோ என்றே தெரியாது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். எங்களுக்கு மடி முழுக்கக் கமரா. நான் பின்னேரம் திரும்பி வந்து கதவுக்குள் காலை வைத்ததும், என் மனுசி சாந்தி "வந்திட்டீங்களே?" என்று கேட்பாள். கண்ணுக்கு முன்னால் நிற்கிறவனிடம் இது என்ன கேள்வி என்று முதலில் எனக்கு எரிச்சல் வரும். பிறகுதான் விளங்கியது.

ஏணி

காலி வீதி என்ற பெருந்தெருவில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் எங்கள் கடை. முதலாளியை எல்லாரும் ஹாஜியார் என்போம். வேலைக்கு இரண்டு பேர்: நான், சுனில் அய்யே. சுனில் அய்யே சிங்களவர், மட்டக்குளியில் வீடு. என்னைவிடப் பத்து வயது மூப்பு, அதனால் எனக்கு அவர் அய்யே, அதாவது அண்ணன்; அவருக்கு நான் மல்லி, தம்பி. தமிழ்ச் சனத்தோடு பந்து விளையாடி வளர்ந்தவர் என்பதால் தமிழ் நன்றாகக் கதைப்பார், கோபம் வந்தால் இன்னும் நன்றாகக் கதைப்பார். கமரா பூட்டப் போகிற ஒவ்வொரு நாளும் எங்களுக்குள் ஒரு ஒழுங்கு இருந்தது. பை அவரிடம், மடிக்கிற ஏணி என்னிடம். கடை வாசலில் அப்படிப் பிரித்துக்கொண்டால் வேலை செய்யும் வீட்டுக்குள் போகும்வரை அதை மாற்றக்கூடாது. பஸ்ஸில் கொண்டக்டர் ஏணிக்காக என்னைத் திட்டுவான். அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலால் தெருப் புதினம் பார்ப்பார்.

இந்த ஒழுங்கு தொடங்கிய நாள் எனக்கு நல்ல ஞாபகம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை. கடை வாசலில் வைத்து என் தோளில் இருந்த பையைக் கேட்காமலே கழற்றி எடுத்துவிட்டு, ஏணியைத் தூக்கி என் கையில் திணித்தார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. புதிசாக வந்தவன் என்றால் பாரத்தை அவன் தலையில் கட்டுவதோ? "பாரமானதை ஏன் எனக்குத் தாறீங்க?" என்று கேட்டேன். வெற்றிலையை ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: "ஏணியைப் பாத்து ஒருத்தனும் பயப்படமாட்டான் மல்லி, நீ ஏணியைத் தூக்கு."

கனடாவில் இருந்து வந்தது

வெள்ளவத்தையில் ஒரு பிளட், நாலாம் மாடி. லிப்ட் வேலை செய்யவில்லை. ஏணியோடு ஏறினேன், உங்களுக்கு விளங்கும். அந்த வீட்டு அன்ரிக்கு மகள் கனடாவில் இருந்து கமராவை அனுப்பியிருந்தாள். நாங்கள் வரும்வரை பொறுக்கமுடியாமல் அங்கிள் அடப்டரைச் செருகிப் பார்த்திருக்கிறார். கனடா கரண்ட் எங்கள் கரண்டில் பாதி. "டப்" என்று ஒரு சத்தம், ஒரு புகை. பக்கத்து வீட்டார் ஏதோ வெடித்துவிட்டது என்று பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்துவிட்டார்கள். நல்ல காலம், எரிந்தது அடப்டர் மட்டும்.

எங்கள் அடப்டரைப் போட்டோம். படம் வந்தது, ஆனால் கறுப்பு வெள்ளையில் வந்தது. கனடாக் கமராவின் கலர்முறை வேறு, இவர்களின் பழைய ரி.வி.க்கு அது பிடிபடாது. இதை எப்படிச் சொல்வது, பாவம் அந்தப் பிள்ளை ஆசையாக அனுப்பியதல்லவோ என்று நான் விழுங்கி விழுங்கி விளங்கப்படுத்தினேன். வேறு கமரா எடுக்கலாம் என்றும் சொன்னேன். அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரி.வி.க்குக் கிட்டப் போய்ப் பார்த்தா. வாசலில் சுனில் அய்யே கமராவைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டு நின்றார். அன்ரி என் பக்கம் திரும்பினா: "ஆர் நிக்கிறது எண்டு தெரிஞ்சால் காணும் தம்பி, அவன் என்ன கலர்ச் சேட்டோட நிக்கிறான் எண்டு எனக்கு என்னத்துக்கு?"

சிக்ஸர்

வெள்ளவத்தையில் அப்போது லொட்ஜ் நிறைய. வன்னியில் இருந்தும் யாழ்ப்பாணத்தில் இருந்தும் வந்து விசாவுக்குக் காத்திருக்கிறவர்களால் நிறைந்து கிடக்கும். அப்படி ஒரு லொட்ஜின் மெனேஜர் மாரிமுத்து அண்ணன், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்தவர். லொட்ஜ் சொந்தக்காரர் படிக்கட்டில் கமரா பூட்டச் சொன்னார். பூட்டினோம். அண்ணன் தன் கையால் எங்களுக்குப் பிளேன்டீயும் பருப்பு வடையும் தந்தார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு "கமரா வேலை செய்யவில்லை" என்று சொந்தக்காரர் கடைக்கு வந்து குதித்தார். ஓடிப்போய்ப் பார்த்தால் கமராவுக்கு ஒரு குறையும் இல்லை. லொட்ஜில் இருந்தது ஒரே ஒரு ரி.வி. ஒன்றில் படிக்கட்டு பார்க்கலாம், இல்லாவிட்டால் கிரிக்கெட் பார்க்கலாம். விசாவுக்குக் காத்திருக்கும் முப்பது பேரும் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். "என்ன அண்ணன் இது, பயமில்லையா உங்களுக்கு?" என்று கேட்டேன். மாரிமுத்து அண்ணன் கண்ணை ரி.வி.யில் இருந்து எடுக்காமல் சொன்னார்: "அவுங்க வந்தா எப்படியும் கதவைத் தட்டத்தான் போறாங்க தம்பி, சிக்ஸர் அடிச்சா யாரு தட்டிச் சொல்லப் போறா?"

மேல்வீடும் கீழ்வீடும்

இது என் பிழை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிச் சமாளிக்கலாம், ஆனால் நான் ஆனை இல்லை.

கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீடு. மேலே ஒரு ரீச்சர், பென்சன் எடுத்தவ, யாழ்ப்பாணத்துக்காரி. கீழே மேரி அக்கா, தையல்காரி. தண்ணீர்த் தாங்கி வழிந்த ஒரு சண்டையில் இரண்டு பேரும் நாலு வருசமாகக் கதைப்பதில்லை. ஒருத்தி கமரா பூட்டினா என்று மற்றவவும் பூட்டினா. இந்தக் கமராவில் நாலு சனல் உண்டு. பக்கத்துப் பக்கத்து வீடு என்றால் ஒன்றை மாற்றி வைக்கவேண்டும். நான் மறந்துபோனேன். அடுத்த நாள் ரீச்சர் ரெலிபோனில் கத்தினா: "என்ர ரி.வி.யில அவளின்ர வாசல் தெரியுது! காலமையில எழும்பி இதையோ நான் பாக்கிறது?" வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி நான் மூன்று நாள் இழுத்தடித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் விடிய அந்தத் தெருவில் ரவுண்டப், தெருவை வளைத்து வீடு வீடாகச் சோதனை. மேரி அக்கா மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தா. வீட்டில் தனியாக இருந்தவன் அவவின் தங்கச்சி மகன் அன்ரன். மன்னாரில் இருந்து வந்து ஒரு மாசம்தான். சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது, வெளியூரில் இருந்து வந்து தங்கிறவர்கள் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு எந்த மேசை லாச்சியில் இருக்கிறது என்றும் தெரியாது. பொலிஸ்காரர் அவனை வாசலுக்குக் கூப்பிட்டு வைத்திருந்ததை ரீச்சர் தன் ரி.வி.யில் பார்த்தா. நாலு வருசக் கோபத்தைக் கதிரையில் வைத்துவிட்டு, ஹவுஸ்கோட்டோடு படியிறங்கி வந்து, வகுப்பில் நிற்கிற மாதிரி நின்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறா: "இவன் இந்த வீட்டுப் பிள்ளை. பதிவு இருக்கிறது. இவன்ர பெரியம்மா கோயிலால வரும்வரைக்கும் நான் இவனோட இந்த இடத்திலேயே நிற்பன்." ஒரு மணித்தியாலம் நின்றா. மேரி அக்கா வந்து துண்டைக் காட்டின பிறகுதான் அன்ரனின் கையை விட்டா.

நாங்கள் போன அன்று மேரி அக்கா மீன் கட்லட் பொரித்து மேலேயும் கீழேயும் கொண்டு ஓடினா. நான் வெட்கத்தோடு சனலைப் பிரித்துவிட வெளிக்கிட்டேன். ரீச்சர் என்னைத் தடுத்தா. "இனிச் சரியாத்தான் வைப்பன் ரீச்சர்" என்று கெஞ்சினேன். ரீச்சர் கட்லட்டை ஊதி ஊதிச் சொன்னா: "சரியா வைக்கத் தேவையில்லை தம்பி. அவவின்ர வாசலை எனக்குத் தா, என்ர வாசலை அவவுக்குக் குடு."

அப்படியே மாற்றிப் பூட்டினேன். ரிசீவரோடு வந்த கையேட்டில் அப்படி ஒரு முறை இல்லை.

விளம்பரம் இல்லாதது

பாமன்கடைப் பக்கம் ஒரு ஐயா, மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தவர். மாசத்துக்கு ஒருக்கால் "படம் தெளிவில்லை" என்று கூப்பிடுவார். போனால் கமராக் கண்ணாடியில் ஒரு தூசும் இருக்காது. தேத்தண்ணி தந்து, கமராவில் பார்த்ததை, ஒழுங்கையில் யார் யாரோடு போனார்கள், யார் வீட்டு நாய் யாரைக் கடித்தது என்று ஒரு மணித்தியாலம் சொல்லுவார். நாடகம் ஒன்றும் பார்ப்பதில்லையா ஐயா என்று கேட்டேன். "இதில விளம்பரம் இல்லை மகன், இடைக்கிட நீங்களும் வந்து நடிக்கிறியள்."

சுனில் அய்யேக்குக் காய்ச்சல்

இப்படி எத்தனை வருசம் போயிருக்கும்! ஒரு நாளும் பை என் தோளுக்கு வரவில்லை. அதனாலேயே எனக்குத் துணிவு கூடிவிட்டது போல.

அன்றைக்குச் சுனில் அய்யே வரவில்லை. காய்ச்சல் என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தா. கொட்டாஞ்சேனையில் ஒரு அம்மா காத்திருந்தா. புருசன் ஆஸ்பத்திரியில், தான் தனிய, பின்னேரத்துக்குள் பூட்டித் தாருங்கள் என்று காலையிலேயே மூன்று தரம் ரெலிபோன். "நாளக்கிப் போவோம் மனே, இன்டக்கி வாணாம்" என்று ஹாஜியார் சொன்னார். நான் கேட்டேனா? இல்லை. அந்த அம்மா பாவம் என்றேன். கண்டபடி வீரம் பேசிவிட்டு, கதிரையில் ஏறிப் பூட்டலாம் என்று ஏணியைக் கடையிலேயே விட்டு, பையைத் தோளில் கொழுவிக்கொண்டு பஸ் ஏறினேன்.

செக் பொயின்ற்றில் எல்லாரையும் இறக்கினார்கள். வரிசையில் நின்று பையைத் திறந்தேன். ஆமிக்காரன் உள்ளே பார்த்தான், பிறகு என் அடையாள அட்டையைப் பார்த்தான், பிறகு ஒரு அடி பின்னுக்குப் போனான். என்னோடு வரிசையில் நின்ற சனம் நாலு அடி பின்னுக்குப் போனது. பக்கத்தில் நின்று என்னோடு வெயிலைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்த யாரோ ஒரு மனுசி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாம் அந்த இடத்திலேயே மறந்துபோனது. "கமரா, கமரா" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றேன்.

பொலிசுக்குக் கொண்டு போனார்கள். எந்தப் பொலிஸ் நிலையம் என்று சொல்லமாட்டேன். போனை வாங்கி வைத்துவிட்டார்கள். இந்தச் சாமான் யாருடையது, எதற்கு, யார் அனுப்பினது? கடைச் சாமான் என்றேன். அதற்குக் கடிதம் எங்கே என்று கேட்டார்கள். ஹாஜியார் சிங்களத்தில் எழுதி, சீல் குத்தித் தந்த கடிதம் ஒன்று இருந்தது, உண்மை. ஆனால் பையைச் சுமக்கிறவர்தானே கடிதத்தையும் வைத்திருப்பார்? அது மட்டக்குளியில், சுனில் அய்யேயின் சேட் பொக்கற்றுக்குள் காய்ச்சலோடு கிடந்தது. சுவரோரத்து மர வாங்கில் இருத்தினார்கள். பத்து மணிக்குப் போனவன், மத்தியானம் தாண்டியும் அந்த வாங்கில் இருக்கிறேன். சாந்தியை நினைத்தேன். பின்னேரம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு "வந்திட்டீங்களே" என்று யாரைப் பார்த்துக் கேட்பாள்? மறைக்கிறதுக்கு ஒன்றும் இல்லை, நான் அந்த வாங்கில் இருந்து அழுதேன்.

இரண்டு மணி போல் இன்ஸ்பெக்டர் வந்தார். சாமானை மேசையில் பரப்பிப் பார்த்தார். அவர் கதைத்தது சிங்களத்தில். "இது கமரா என்றால் படம் வரவேண்டும் அல்லவா? அந்தா ரி.வி., காட்டு" என்றார். எழும்பிப் போய் ரி.வி.யின் பின்பக்கம் பார்த்தேன். ஐயோ கடவுளே, ஆதிகாலத்து ரி.வி., மஞ்சள் வயர் செருக ஒரு ஓட்டை கூட இல்லை! மஞ்சள் வயர்ச் சொந்தக்காரரே, முழங்காலில் நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கிறது. என்னைப் போல் பொலிஸ்காரனின் துவக்குக்குப் பக்கத்தில் நின்றிருக்கமாட்டீர்கள். தேடினேன். அலுமாரிக்கு மேலே தூசி படிந்து ஒரு பழைய வீடியோ டெக் கிடந்தது. அதற்குள் ரிசீவரின் மஞ்சள் வயரைக் கொடுத்து, அதில் இருந்து அன்ரெனா வயரை ரி.வி.க்கு எடுத்தேன். கமராவைப் பற்றரியில் போட்டு ஒரு கொன்ஸ்டபிளின் கையில் கொடுத்து, வெளி விறாந்தைக்குப் போகச் சொன்னார் இன்ஸ்பெக்டர்.

ரி.வி. முழுக்க ஒரே மழை. டெக்கின் சனலைத் தேடித் தேடித் திருகுகிறேன், ஒன்றும் இல்லை. அப்போதுதான் எனக்குப் பழைய கோபம் வந்தது. எந்த வீட்டிலும் வருகிற அதே தொழில்கோபம். நான் எங்கே நிற்கிறேன் என்பதை மறந்து, "அன்ரெனாவைப் பொத்திப் பிடிக்க வேண்டாம், அதை விட்டுப் பிடியுங்கோ ஐசே!" என்று சிங்களத்தில் கொன்ஸ்டபிளைப் பார்த்து ஒரு கத்துக் கத்தினேன். மறந்த சிங்களம் எல்லாம் அந்த நேரம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. கொன்ஸ்டபிள் பயந்து கையை மாற்றினான். படம் வந்தது.

தலைகீழாகத்தான் வந்தது, கமராவை அவன் கவிழ்த்துப் பிடித்திருந்தான். பொலிஸ் கேற், மண்மூட்டை, காவலுக்கு நிற்கிறவன், எல்லாம் கூரையில் தொங்கின. கேற்றடியில் இடுப்பில் சாரத்தோடும், தலையைச் சுற்றிக் கட்டின துவாயோடும் ஒரு ஆள் தலைகீழாக நின்று, ஒரு கடுதாசியை ஆட்டி ஆட்டிக் காவல்காரனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். நான் தலையைச் சரித்துப் பார்த்தேன். இன்ஸ்பெக்டரும் தலையைச் சரித்துப் பார்த்தார். "அது யார்?" என்று கேட்டார்.

"எங்கட சுனில் அய்யே, சேர்" என்றேன். சொல்லும்போதே திரும்பவும் அழுதுவிட்டேன்.

பிறகுதான் எனக்குக் கதை தெரிந்தது. ஆள் வரவில்லை என்று கொட்டாஞ்சேனை அம்மா கடைக்கு ரெலிபோன் எடுத்திருக்கிறா. ஹாஜியார் மட்டக்குளிக்கு எடுத்திருக்கிறார். சுனில் அய்யே பாயில் இருந்து எழும்பி, கடிதத்தை எடுத்துக்கொண்டு, பஸ் போகிற வழியில் ஒவ்வொரு செக் பொயின்ற்றாக இறங்கி "பையோடு ஒரு தமிழ்ப் பெடியன் வந்தானா?" என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அந்த நாளில் அப்படிக் கேட்பது சின்ன விசயம் இல்லை. என்னைத் தெரியும் என்று சொன்னதற்கே அவரையும் வாங்கில் இருத்தியிருக்கலாம்.

கடிதத்தை வாசித்தார்கள், ஹாஜியாரோடு கதைத்தார்கள், எங்கள் இரண்டு பேரின் விபரத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். நாலு மணிக்கு விட்டார்கள். வெளியே வந்து சுனில் அய்யேயின் கையைப் பிடித்தேன். கை அடுப்பு மாதிரிக் கொதித்தது. நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என் தோளில் இருந்த பையைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டு, எந்த மொழியிலும் எனக்குக் கிடைத்த ஏச்சுகளில் இனிமையானதைத் தமிழில் ஏசினார்: "காய்ச்சல் எனக்குத்தானே மல்லி, பைத்தியம் ஏன் உனக்கு வந்தது?"

யுத்தம் முடியும்வரைக்கும் எத்தனையோ வாசல்களுக்குக் கமரா பூட்டினேன். ஆனால் வந்து நிற்பது யார் என்று ரி.வி.யில் பார்த்து நான் சந்தோசத்தில் அழுதது ஒரேயொரு வாசலில்தான், அதுவும் தலைகீழாகத் தெரிந்த பொலிஸ் வாசலில்.